அப்பாவின் கடைசி 23 நாளும் அம்மாவின் கேள்வியும்: சிகிச்சை முடிவுகளை முன்கூட்டியே எழுதிவைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

பொருநைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா போய் எட்டு மாதம் ஆகிறது. அம்மாவுக்கு இப்போது 71 வயது. போன வாரம் காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்: "எனக்கு அந்த மாதிரி ஆகக் கூடாதுடா. இப்பவே ஏதாவது எழுதிவைக்க முடியுமா?" எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால்தான் இந்த இழை.

அப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். நுரையீரல் பல வருடமாகவே மோசம், வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின் வைத்திருந்தோம். ஒரு ராத்திரி சளி கட்டி மூச்சு முட்டிவிட்டது. ஆம்புலன்ஸ் வைத்துக் கொண்டுபோனோம். ஐசியு வாசலில் ஒரு சின்ன வயது டாக்டர் வந்து, "டியூப் போட்டாத்தான் உண்டு, போடலாமா?" என்றார். அண்ணன், "எல்லாம் பண்ணுங்க சார்" என்றான். நானும் தலையாட்டினேன். இன்றைக்கும் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். அந்த வாசலில் நிற்கிற எந்தப் பிள்ளையும் அதைத்தான் சொல்வான்.

அப்புறம் 23 நாள். சாயங்காலம் பத்து நிமிடம்தான் பார்க்க விடுவார்கள். குழாயைப் பிடுங்கிவிடுகிறார் என்று இரண்டு கைகளையும் காஸ் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். கட்டிய இடம் கன்றிப்போயிருந்தது. கண்ணாடியும் பல்செட்டும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, மேலே பெட் நம்பர் எழுதி என் கையில் கொடுத்தார்கள். ஒன்பதாம் நாள் நான் போனபோது விழித்திருந்தார். சிஸ்டரிடம் கேட்டு வலது கைக் கட்டை அவிழ்த்து, மருந்துக்கடைச் சீட்டின் பின்பக்கத்தையும் பேனாவையும் கொடுத்தேன். ரொம்ப நேரம் எடுத்து "வீடு" என்று எழுதினார். போர்டில் முத்து முத்தாக எழுதின கை.

அண்ணனிடம் காட்டினேன். "மயக்கத்துல எழுதியிருப்பார்" என்றான். பதினாலாம் நாள் தொண்டையில் துளை போட்டார்கள், பிறகு டயாலிசிஸ். அண்ணன் ஒன்று சொல்வான், நான் ஒன்று சொல்வேன், ஊரிலிருந்து வந்த சித்தப்பா மூன்றாவதாக ஒன்று சொல்வார். அப்பாவுக்கு என்ன விருப்பம் என்று மூன்று பேருக்குமே தெரியாது. நாங்கள் கேட்டதே இல்லை.

இதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா? எழுதிவைத்தால் ஆஸ்பத்திரியில் மதிப்பார்களா? செய்தவர்கள் சொல்லுங்கள்.

---

சேதுபாவாசத்திரம் எழுதியது:

நான் வழக்கறிஞர். இதுவரை ஐந்தாறு பேருக்கு எழுதிக்கொடுத்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

இடம் இருக்கிறது. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, காமன் காஸ் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் தீர்ப்புக் கொடுத்தது. கண்ணியத்தோடு இறப்பதும் அரசியல் சாசனம் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும், சுயநினைவு இருக்கும்போதே "இந்த நிலை வந்தால் எனக்கு இந்தச் சிகிச்சை வேண்டாம்" என்று ஒருவர் எழுதிவைக்கலாம் என்றது. லிவிங் வில் என்று பேப்பரில் படித்திருப்பீர்கள். சொத்து உயிலோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்த உயில் இறந்த பிறகு பேசும். இது உயிரோடு இருந்தும் வாய் திறக்க முடியாத நேரத்தில் உங்களுக்காகப் பேசும்.

2018-ல் வைத்த நடைமுறை ரொம்பக் கடினம். மாஜிஸ்திரேட் மேலொப்பம் வேண்டும், கலெக்டர் ஒரு மருத்துவக் குழு போட வேண்டும், குழுவில் இருப்பவர்களுக்கு 20 வருட அனுபவம் வேண்டும். நடைமுறையில் யாராலும் முடியவில்லை. அதனால் 2023 ஜனவரி 24 அன்று, நீதிபதி கே.எம். ஜோசப் தலைமையிலான ஐந்து பேர் அமர்வு அதை எளிதாக்கியது. இப்போதைய நிலை இதுதான்:

18 வயது நிறைந்த, தெளிந்த மனநிலையில் உள்ள யாரும் எழுதலாம். எழுத்தில் இருக்க வேண்டும், யாருடைய வற்புறுத்தலும் இருக்கக் கூடாது. இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்து. நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும், கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. உங்களுக்காக முடிவு சொல்ல வேண்டியவர்களின் பெயரை அதிலேயே குறிப்பிட வேண்டும். ஒருவருக்கு மேலும் குறிப்பிடலாம். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் ரத்து செய்யலாம், மாற்றலாம்.

ஒரு நகல் குடும்ப டாக்டருக்கு, ஒரு நகல் உள்ளாட்சி அமைப்புக்கு. அங்கே அதைப் பாதுகாக்க ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும் என்கிறது தீர்ப்பு. நான் ஓர் அலுவலகத்தில் கொடுக்கப் போனபோது, எந்த மேசையில் வாங்குவது என்று அங்கிருந்தவர்களுக்கே தெரியவில்லை. அதற்காக விட்டுவிடாதீர்கள். ஒப்புகையோடு தபாலில் அனுப்பி, ஒப்புகையைப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.

இன்னொன்று. "அவசியமில்லாமல் உயிரைப் பிடித்துவைக்க வேண்டாம்" என்று பொதுவாக எழுதாதீர்கள். அந்த வரியை நான்கு டாக்டர்கள் நான்கு விதமாகப் படிப்பார்கள்.

---

குறிஞ்சிமலர் எழுதியது:

சேது சார் சொன்ன கடைசி வரிக்கு என் இரண்டு கைகளையும் தூக்குகிறேன். நான் 17 வருடம் ஐசியுவில் ஸ்டாஃப் நர்ஸ்.

பொருநைக்கரை தம்பி, முதலில் ஒன்று. கையைக் கட்டும்போது எங்களுக்கும் மனசு சுருக்கென்றுதான் இருக்கும். நோயாளி குழாயைப் பிடுங்கினால் அந்த நிமிடமே உயிர் போகலாம், அந்தப் பயத்தில்தான் கட்டுகிறோம். அப்பா எழுதிய சீட்டை நீங்கள் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

அம்மாவிடம் பேசும்போது மெஷின் பெயரிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். வென்டிலேட்டர் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டால் எல்லோரும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். அது சரியான பதில் இல்லை. டெங்கு வந்து, நிமோனியா வந்து, நாலைந்து நாள் வென்டிலேட்டரில் இருந்துவிட்டு நடந்து வீட்டுக்குப் போனவர்களை நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அதே மெஷின்தான், ஆனால் கேள்வி வேறு. திரும்பி வர வழி இருக்கும்போது அது பாலம். வழி இல்லாதபோதுதான் வேதனை.

அதனால் இப்படிக் கேளுங்கள்: "அம்மா, எதைச் செய்ய முடிகிறவரை உனக்கு வாழ்க்கை வாழ்க்கையாக இருக்கும்?" ஒருவர் எங்களை அடையாளம் தெரிந்தால் போதும் என்பார். ஒருவர் தானே பாத்ரூம் போக முடிய வேண்டும் என்பார். ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் என்னிடம் சொன்னார்: "காலையில் பேப்பர் படித்து அது புரிகிறவரைக்கும் என்னைக் காப்பாற்று, அப்புறம் விட்டுவிடு." அவர் மகள் அந்த வாக்கியத்தை அப்படியே எழுதிவைத்துக்கொண்டார். டாக்டருக்கு அதைவிடத் தெளிவான குறிப்பு கிடையாது.

பிறகு ஒவ்வொன்றாக எழுதலாம். குணமாக வாய்ப்பு இருந்தால் வென்டிலேட்டரில் இத்தனை நாள் முயற்சி செய்யலாம், முன்னேற்றம் இல்லையென்றால் தொடர வேண்டாம். இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தி மீட்க வேண்டுமா? மூக்கு வழியாக உணவுக் குழாய்? டயாலிசிஸ்? தொண்டைத் துளை? ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும்.

இவற்றோடு மறக்காமல் எழுத வேண்டியது: வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் மருந்து கண்டிப்பாக வேண்டும், வாய் துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, சுத்தம் எல்லாம் கடைசிவரை வேண்டும். சிகிச்சையை நிறுத்துவது என்றால் ஆளைக் கைவிடுவது இல்லை. மோர்பின் கொடுத்து மூச்சுத்திணறல் அடங்கி, மகன் கையைப் பிடித்துக்கொண்டு போனவர்களையும் பார்த்திருக்கிறேன்.

---

விருதை வளர்மதி எழுதியது:

எல்லோரும் ஆதரித்தே எழுதுகிறீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கம் தலைக்கூத்தல் என்று ஒன்று இருந்தது உங்களுக்குத் தெரியும். படுத்த படுக்கையாகக் கிடக்கும் கிழவிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து முடித்துவிடுவார்கள். எனக்குப் பத்து வயதில் எங்கள் தெருவில் ஒரு பாட்டிக்கு நடந்தது. முதல் நாள் சாயங்காலம் அந்தப் பாட்டி என்னிடம் ஒரு வெற்றிலை கேட்டது. பெரியவர்கள் "பாவம், கஷ்டப்பட வேண்டாமேன்னுதான்" என்று பேசிக்கொண்டார்கள். பாட்டியை யாரும் கேட்கவில்லை.

இப்போது அதையே நோட்டரி முத்திரையோடு செய்ய வழி வந்துவிட்டதோ என்று தோன்றுகிறது. வயதான பெண்கள் பிள்ளைகளை நம்பி வாழ்கிறவர்கள். "இதுல ஒரு கையெழுத்து போடும்மா, எங்களுக்கும் செலவு" என்று ஒரு வார்த்தை போதும், போட்டுவிடுவார்கள். தான் பாரமாக இருக்கிறோம் என்று ஏற்கெனவே உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருப்பவர்களிடம் இந்தத் தாளை நீட்டுவது நியாயமா?

---

சேதுபாவாசத்திரம் எழுதியது:

வளர்மதி அம்மா, இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி உங்களுடையது. தீர்ப்பு எழுதியவர்களும் இதற்குத்தான் அதிகம் பயந்தார்கள். அத்தனை பூட்டுகள் வைத்ததும் அதனால்தான்.

தாளை நீட்டியவுடன் எதுவும் நடந்துவிடாது. குணமாகும் நம்பிக்கை இல்லாத நோய், நீண்ட நாள் சிகிச்சை, தானாக முடிவு சொல்ல முடியாத நிலை, இவை எல்லாம் சேர்ந்தால்தான் தாள் செயலுக்கு வரும். பேச முடிகிற ஒருவர் முன்னால் அந்தத் தாளுக்கு வேலையே இல்லை, அவர் வாய்ச்சொல்தான் கணக்கு. முடியாதபோது, சிகிச்சை தரும் டாக்டரும், குறைந்தது ஐந்து வருட அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் ஒரு குழுவாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவர்கள் சரி என்றால் இரண்டாவது குழு. அதில் மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒரு டாக்டரும், முதல் குழுவில் இல்லாத இரண்டு நிபுணர்களும் இருக்க வேண்டும். இரண்டு குழுக்களும் கூடியவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். தாளில் பெயர் குறிப்பிட்டவர்களின் சம்மதமும் வேண்டும். நிறுத்துவதற்கு முன்பே ஆஸ்பத்திரி மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். குழு மறுத்தால் உயர் நீதிமன்றம் போகலாம்.

ஊசி போட்டு உயிரை எடுப்பது அன்றும் இன்றும் குற்றம்தான். தலைக்கூத்தல் கொலை. அதை இதோடு யாரும் சேர்க்க முடியாது.

ஆனாலும் "பாரம்" என்று நீங்கள் சொன்னதற்குச் சட்டத்தில் மருந்து இல்லை, ஒப்புக்கொள்கிறேன். நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பெரியவரிடம் தனியாகப் பேசுவேன், பிள்ளைகளை வெளியே காபி குடித்துவிட்டு வரச் சொல்வேன். சாட்சிகள் முடிந்தவரை சம்பந்தமில்லாதவர்களாக இருக்க வேண்டும் என்று தீர்ப்பே சொல்கிறது, அதனால் வாரிசுகளைச் சாட்சியாகப் போட மாட்டேன். இரண்டு முறை "அப்புறம் பார்க்கலாம் அம்மா" என்று திருப்பி அனுப்பியும் இருக்கிறேன்.

---

விருதை வளர்மதி எழுதியது:

தனியாகப் பேசுவீர்கள் என்பது கொஞ்சம் ஆறுதல். எல்லா வக்கீலும் செய்ய மாட்டார்கள். என் பயம் முழுசாகப் போகவில்லை, ஆனால் அந்தப் பாட்டியை யாராவது இப்படி உட்கார்ந்து கேட்டிருக்கலாமே என்று இப்போது நினைக்கிறேன்.

---

முத்துநகர் அந்தோணி எழுதியது:

எங்கள் வீட்டில் வந்த தடை வேறு. "உயிர் கடவுள் கொடுத்தது, மெஷினை நிறுத்துவது பாவம்" என்று அம்மா பிடிவாதமாக இருந்தார். பங்குத் தந்தையிடம் கூட்டிக்கொண்டு போனேன். 1957-லேயே போப் பன்னிரண்டாம் பயஸ் மயக்க மருந்து நிபுணர்கள் மத்தியில் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார், சாதாரண சிகிச்சையைச் செய்துகொள்வது கடமை, அளவுக்கு மிஞ்சிய சிகிச்சையை ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று விளக்கினார். அம்மா வெளியே வந்து, "அப்ப சாமி கோவிச்சுக்காது" என்றார். அதற்கு மேல் அவரிடம் எதுவும் பேச வேண்டி வரவில்லை.

வேறு மதத்துக்காரர்களும் அவரவர் பெரியவர்களிடம் கேட்டுவிடுவது நல்லது. ஐசியு வாசலில் இந்தச் சந்தேகம் வந்தால் தாங்காது.

---

சிராங்கூன் செல்வம் எழுதியது:

சிங்கப்பூரில் இதற்கு 1996-லேயே சட்டம் போட்டார்கள். 21 வயது ஆனவர்கள் ஒரு படிவத்தில் டாக்டர் முன்னாலும் இன்னொரு சாட்சி முன்னாலும் கையெழுத்துப் போட்டுப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். நம் சாவால் ஆதாயம் அடையக்கூடிய யாரும் சாட்சியாக முடியாது. வளர்மதி அக்கா சொன்ன பயத்துக்கு இங்கே ஒரு விதி உண்டு: "நீங்கள் இதில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா?" என்று நோயாளியிடம் டாக்டர் கேட்கவே கூடாது. கேட்டு அழுத்தம் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக.

நான் போட்டுவிட்டேன். ஆனால் அந்தப் படிவம் இங்கேதான் செல்லும். பட்டுக்கோட்டைக்கு வரும்போது அங்கே ஏதாவது ஆனால் என்ன செய்வது என்று யோசித்து, அண்ணனிடம் தனியாக உட்கார்ந்து பேசினேன்.

---

காவிரிப்பூம்பட்டினம் எழுதியது:

எழுதிவைக்காமல் போனால் என்ன நடக்கும் என்று நான் சொல்கிறேன்.

மாமனாருக்கு மூளையில் ரத்தக்கசிவு. பதினொரு நாள் கழித்து "இனி ஒன்றும் இல்லை" என்றார்கள். அப்போ நிறுத்துங்கள் என்றால், "நாங்களாக நிறுத்த முடியாது, வேண்டுமானால் உங்கள் பொறுப்பில் கூட்டிப்போங்கள்" என்று தாளை நீட்டினார்கள். மருத்துவ ஆலோசனைக்கு மாறாகக் கூட்டிச்செல்கிறோம் என்று கையெழுத்துப் போட்டது நான். ஆம்புலன்சில் ஒருவர், கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கிற ஆம்பு பையை அழுத்திக்கொண்டே வந்தார். இரண்டரை மணி நேரம். வீட்டு வாசலில் இறக்கி, கூடத்தில் படுக்க வைத்து, குழாயை எடுத்துவிட்டு, ஆம்பு பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு நாற்பது நிமிடம் மாமனார் மூச்சுக்குத் தவித்தார். வலிக்கு ஒரு மருந்துகூடக் கையில் கொடுத்து அனுப்பவில்லை. அத்தை பால் ஊற்றக் கரண்டியோடு நின்றாள், எங்களுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

வீட்டில் உயிர் பிரிய வேண்டும் என்பது நம் பக்கத்து ஆசை. அது இப்படி இருக்க வேண்டியதில்லை.

---

குறிஞ்சிமலர் எழுதியது:

படித்துவிட்டு ரொம்ப நேரம் எழுத முடியவில்லை அக்கா. இது தினமும் நடக்கிறது.

தெரிந்துகொள்ளுங்கள் எல்லோரும்: தாள் எழுதிவைக்காதவர்களுக்கும் அதே இரண்டு குழு வழி உண்டு, குடும்பத்தின் சம்மதத்தோடு ஆஸ்பத்திரிக்குள்ளேயே, மருந்து கொடுத்து, முறையாக நிறுத்தலாம். பல ஆஸ்பத்திரிகள் வழக்குப் பயத்தில் செய்வதில்லை. "2023 தீர்ப்பின்படி மருத்துவக் குழுவைக் கூட்டுங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். வீட்டுக்கே கூட்டிப்போவதென்றால் வலிநிவாரண சிகிச்சை டாக்டரைப் பார்த்துவிட்டு, மருந்தோடு கிளம்புங்கள். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் ஆரம்பித்ததிலிருந்தே அதில் வீட்டுக்கு வந்து பார்க்கும் வலிநிவாரண சேவையும் உண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

---

நெல்லிக்கனி எழுதியது:

நான் உறுப்பு தானத்துக்குப் பதிவு செய்திருக்கிறேன். இந்தத் தாளிலும் அதை எழுதலாமா?

---

குறிஞ்சிமலர் எழுதியது:

எழுதுங்கள், ஒரு விஷயத்தில் கவனமாக. மூளைச்சாவு ஆன பிறகு உறுப்புகளை எடுக்கும்வரை வென்டிலேட்டர் ஓடியாக வேண்டும், இல்லையென்றால் ரத்த ஓட்டம் நின்று உறுப்புகள் வீணாகிவிடும். "எந்த நிலையிலும் வென்டிலேட்டர் வேண்டாம்" என்று ஒரு வரி எழுதி, கீழே "உறுப்பு தானம்" என்று இன்னொரு வரி எழுதினால் இரண்டும் மோதும். "உறுப்பு தானத்துக்குத் தேவையான நேரம் மட்டும் வென்டிலேட்டரில் வைக்கச் சம்மதம்" என்று சேர்த்துவிடுங்கள். வீட்டிலும் சொல்லிவையுங்கள், அந்த நேரத்தில் சம்மதம் கேட்பது அவர்களிடம்தான்.

---

பொருநைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை அண்ணனை வரச் சொன்னோம். முதலில் அவன் உட்காரவே இல்லை. "இப்ப எதுக்கு இந்தப் பேச்சு, நல்லாத்தானே இருக்கா" என்று வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தான். நான் எதுவும் சொல்லாமல் அப்பா எழுதிய சீட்டை எடுத்து மேசையில் வைத்தேன். பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து, "மயக்கத்துல எழுதல, எனக்கு அப்பவே தெரியும்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அம்மா அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

குறிஞ்சிமலர் அக்கா சொன்ன மாதிரியே கேட்டேன். அம்மா யோசித்துவிட்டு, "பேத்தி பேர் எனக்கு ஞாபகம் இருக்கணும். வாயால ரெண்டு வாய் சாப்பிடணும். ரெண்டும் இல்லாம நான் எதுக்குடா?" என்றாள். அதை அவள் வார்த்தையிலேயே எழுதியிருக்கிறோம். சரியாகிற நோயென்றால் ஒரு வாரம்வரை வென்டிலேட்டர் சரி என்றாள். தொண்டையில் துளை வேண்டாம், டயாலிசிஸ் வேண்டாம்.

யார் பெயரைப் போடுவது என்று வந்தபோது என் பெயரைத்தான் சொல்வாள் என்று நினைத்தேன். அண்ணன் பெயரை முதலில் போடச் சொன்னாள். "அவன் லேசுல என்னை விட மாட்டான். அவனே சரின்னு சொன்னா, அப்ப நிஜமாவே ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம்." இரண்டாவதாக என் பெயர். சித்தப்பாவுக்கு அங்கேயே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து, அம்மாவே எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினாள்.

வியாழக்கிழமை நோட்டரி. சாட்சிக்கு எதிர்வீட்டு சாரும் தபால் ஆபீஸ் அக்காவும் வருகிறார்கள். வளர்மதி அக்கா, நோட்டரியிடம் அம்மா தனியாகத்தான் பேசப்போகிறாள், நாங்கள் வெளியே இருப்போம்.

ஒரே ஒரு சந்தேகம். கடைசி வரியாக "என் கையைக் கட்டக் கூடாது" என்று எழுதச் சொல்கிறாள். அப்படி எழுதலாமா?

---

குறிஞ்சிமலர் எழுதியது:

எழுதலாம் தம்பி. இப்படி எழுதுங்கள்: "கையைக் கட்டாமல் இருக்க முடிந்த எல்லா வழியையும் முதலில் பாருங்கள், என் பிள்ளை பக்கத்தில் உட்கார அனுமதியுங்கள்." ஒருவர் பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தால் பல பேருக்குக் கட்ட வேண்டிய தேவையே வருவதில்லை. டியூட்டியில் இருக்கும் சிஸ்டர் அந்த வரியைப் படித்தால் உங்களுக்கு ஒரு ஸ்டூல் எடுத்துப் போடுவார்.